கோரைக் குதிரையும் கட்டுமரமும்: பெரு நாட்டு வான்சாக்கோ கடற்கரையின் ஊர்திப் பெயர்களை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பெரு நாட்டின் வடகரையிலுள்ள வான்சாக்கோ இரட்டைப் புகழ் பெற்ற ஊர். கோரையைக் கட்டிச் செய்த சிற்றூர்தியில் மீன்பிடிக்கும் தொன்மரபு ஒன்று. அலைச்சறுக்கு விளையாட்டின் பிறப்பிடங்களுள் ஒன்றெனச் சொல்லப்படும் பெருமை மற்றொன்று. இரண்டாம் புகழ் முதலாவதைத் தன்னுள் அடக்கிக்கொண்டு வரும் போக்கினை, அவ்வூர்திக்கு வழங்கிய பெயர்களின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழின் 'கட்டுமரம்' என்னும் சொல் ஐரோப்பிய மொழிகளுக்குள் சென்று அடைந்த பொருள்மாற்றம் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகிறது. ஓர் ஊர்தியின் பெயரை யார் இட்டார், கரையில் நின்று கண்டவரா, கடலுக்குள் சென்றவரா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

திறவுச்சொற்கள்: வான்சாக்கோ, தொத்தோரா, கோரை, கட்டுமரம், அலைச்சறுக்கு, மீனவர் மொழி, பொருள்மாற்றம்.

1. முன்னுரை

நெய்தல் நிலம் பற்றிய தமிழாய்வுகள் பெரும்பாலும் சங்கப் பாடல்களில் தொடங்கி அவற்றிலேயே நிறைவுறுகின்றன. திமில், அம்பி, பஃறி, தோணி முதலிய சொற்களைத் தொகுத்துக் காட்டும் கட்டுரைகள் பல. அச்சொற்கள் குறித்த ஊர்திகள் எவ்வகை அலையில், எவ்வகைக் கரையில் இயங்கின என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுகிறது. ஊர்தியின் வடிவைத் தீர்மானிப்பது கரை. துறைமுகமற்ற திறந்த மணற்கரையில் அலைமுறிவைக் கடந்து கடலுக்குள் புகவேண்டிய மக்கள், உலகின் வெவ்வேறு மூலைகளில், ஒருவரையொருவர் அறியாமலே ஒத்த தீர்வுகளை எட்டியுள்ளனர். அவ்வாறான இரு தீர்வுகள் வான்சாக்கோவின் கோரை ஊர்தியும் சோழமண்டலக் கரையின் கட்டுமரமும். இவற்றிடையே வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. அப்படியொரு தொடர்பைக் கற்பிப்பதும் இக்கட்டுரையின் நோக்கமன்று. இரண்டும் வெளியாரால் காணப்பட்ட முறையிலும் பெயரிடப்பட்ட முறையிலும் உள்ள ஒப்புமையே இங்கு ஆய்வுப்பொருள்.

2. ஊரும் ஊர்தியும்

வான்சாக்கோ, பெருவின் லா லிபெர்த்தாத் மாநிலத் தலைநகரான துருஹியோவுக்கு வடமேற்கே ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நகரிலிருந்து அவ்வூருக்குச் செல்லும் சாலை, சிமூ அரசின் தலைநகராக விளங்கிய சான் சான் என்னும் மண்கோட்டை நகரின் இடிபாடுகளை ஒட்டிச் செல்கிறது. 1986-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட அந்நகரின் சுவர்களில் மீன்கள், கடற்பறவைகள், வலையின் கண்கள் ஆகியவை புடைப்புருவங்களாக வரிசை வரிசையாக அமைந்துள்ளன. சிமூ மக்களுக்கு முன்னே, கி.பி. முதல் ஆயிரம் ஆண்டுகளில் அப்பகுதியில் வாழ்ந்த மொச்சே மக்களின் மட்கலங்களில் கோரை ஊர்தியில் அமர்ந்து செல்வோரின் உருவங்கள் உண்டு. வான்சாக்கோவை அடுத்துள்ள பாம்பா கிரமலோத்தே என்னும் அகழிடம் இன்னும் பழையது. கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் இடைப்பகுதியைச் சேர்ந்த மீனவர் குடியிருப்பு அது. அரசுகள் தோன்றி மறைவதற்கு முன்பே மீனவர் அங்கிருந்தனர். மறைந்த பின்பும் இருந்தனர்.

இன்று அவ்வூருக்குச் செல்பவர் முதலில் காண்பது, கடற்சுவரை ஒட்டி மணலில் நிறுத்தி வைக்கப்பட்ட கோரை ஊர்திகளின் வரிசை. முனை மேல்நோக்கி வளைந்திருக்க, ஓர் ஆளைவிட இருமடங்கு உயரத்தில் அவை நிற்கின்றன. விற்பனைப் படங்களிலும் நினைவுப் பொருள்களிலும் தவறாது இடம்பெறும் காட்சி இது. ஆனால் அவை காட்சிக்காக நிறுத்தப்பட்டவை அல்ல; நீர் வடிவதற்காக நிறுத்தப்பட்டவை. கோரை நீரை உறிஞ்சும். ஒருமுறை கடலுக்குச் சென்று மீண்ட ஊர்தி முன்னிலும் கனத்திருக்கும். நிறுத்தி வடித்து, வெயிலில் உலர்த்தி மறுமுறை எடுத்துச் செல்ல வேண்டும். அவ்வாறு செய்தும் ஓர் ஊர்தி சில வாரங்களே உழைக்கும். பின்னர்ப் புதிதாகக் கட்டவேண்டியதே.

மூலப்பொருளின் பெயரிலேயே தமிழில் ஒரு தெளிவு தேவைப்படுகிறது. 'தொத்தோரா' எனப்படும் இச்செடியை ஆங்கில நூல்களின் வழி அறிவோர் தமிழில் 'நாணல்' என்று எழுதிவிடுகின்றனர். நாணல் புல்லினத்தைச் சேர்ந்தது. தொத்தோராவோ சைப்பரேசி குடும்பத்தது. பாய்முடையப் பயன்படும் நம் கோரையின் நெருங்கிய உறவு. கணுவற்ற தண்டும், அதனுள் காற்றுப் பொதிந்த பஞ்சுபோன்ற திசுவும் கோரையினத்தின் இயல்பு. ஊர்தி மிதப்பதற்குக் காரணம் அத்திசுவே. எனவே 'நாணல் படகு' என்னும் வழக்கு தாவரவியல் நோக்கில் பிழையாவதோடு ஊர்தியின் இயக்கத் தத்துவத்தையும் மறைத்துவிடுகிறது. தமிழ்ச்சொல் கையிருப்பில் இருக்க, ஆங்கிலம் வழியாகச் சுற்றி வருவானேன்? 'படகு' என்பதும் பொருந்துமா என்பது ஐயம். படகு நீரை வெளியே நிறுத்துவது; இதுவோ நீரை ஊடே விடுவது. இவ்விரு காரணங்களால் இக்கட்டுரை 'கோரை ஊர்தி' என்றே வழங்குகிறது.

கோரை தானே முளைத்துக் கிடப்பதன்று, பயிரிடப்படுவது. ஊரின் வடபுறத்தில், கடற்கரையை ஒட்டி, நிலத்தடி நீர்மட்டம் வரை தோண்டப்பட்ட குழிகளில் அது வளர்கிறது. குழிகள் குடும்பங்களின் உரிமையாகத் தலைமுறை வழி வருகின்றன. முதிர்ந்த தண்டுகளை அறுத்து, மணலில் பரப்பி உலர்த்தி, இரு பெரும் கட்டுகளாகவும் இரு சிறு கட்டுகளாகவும் சேர்க்கின்றனர். பெருங்கட்டுக்குத் 'தாய்' என்றும், அதனுடன் இணையும் சிறுகட்டுக்குப் 'பிள்ளை' என்றும் பெயர். ஒவ்வொரு பக்கத்திலும் தாயும் பிள்ளையும் இணைய, இரு பக்கமும் சேர்த்துக் கயிற்றால் இறுக்கப்படுகிறது. பின்புறத்தில் வலையும் மீனும் வைப்பதற்கு ஒரு பள்ளம் விடப்படுகிறது. பிளந்த மூங்கிலே துடுப்பு. மீனவர் மண்டியிட்டோ, காலை இருபுறமும் தொங்கவிட்டோ அமர்கிறார். ஆணியோ பலகையோ எதுவுமில்லை. கோரை, கயிறு, கைத்திறன், இவ்வளவே. தாய், பிள்ளை என்னும் பெயர்கள் ஊர்தியைக் கட்டுவோர் இட்ட பெயர்கள் என்பது கருதத்தக்கது. ஊர்தி முழுமைக்கும் வழங்கும் பெயர் அவ்வாறானதன்று.

3. கண்டவர் இட்ட பெயர்

'கபாயித்தோ தெ தொத்தோரா' என்பதற்குத் 'தொத்தோராவின் சிறு குதிரை' என்பது பொருள். ஸ்பானியர் வரும்வரை பெருவில் குதிரை இல்லை. ஆதலால் இப்பெயர் பதினாறாம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது. கால் இருபுறமும் தொங்க அமர்ந்து வருபவரைக் கண்ட புதியவர், தமக்குப் பழக்கமான ஒன்றின் பெயரை அதற்கு இட்டார். பெயர் அழகியது, பொருத்தமானதும் கூட. மீனவரே அதனை ஏற்று நானூறு ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவருகின்றனர். ஆயினும் அது கரையிலிருந்து பார்த்தவர் பார்வையில் பிறந்த பெயர். மரத்தைக் 'கட்டி'யதைச் சொல்லும் கட்டுமரம் என்னும் பெயரோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு விளங்கும். ஒன்று தோற்றத்தைச் சொல்கிறது. மற்றொன்று செய்முறையைச் சொல்கிறது.

கண்டவர் பார்வையின் மிகச்சிறந்த சான்று, இயேசு சபைத் துறவி ஹொசே தெ அகோஸ்தா 1590-இல் வெளியிட்ட இந்தியத் தீவுகளின் இயற்கை, ஒழுக்க வரலாற்று நூல். அமெரிக்கக் கண்டத்தையே அக்காலத்து ஸ்பானியர் 'இந்தியத் தீவுகள்' என்றனர். லீமாவின் துறையாகிய கயாவில் கோரைக் கட்டுகளின்மேல் அமர்ந்து மீனவர் சீறும் அலைகளைப் பிளந்து செல்வதை அவர் விவரித்துள்ளார். கிரேக்க, உரோமானியக் கடல் தெய்வங்களின் ஓவியத்தை அது நினைவூட்டியதாகவும், அக்காட்சி தமக்குப் பெரும் பொழுதுபோக்காக இருந்ததாகவும் அவர் எழுதுகிறார். அலைச்சறுக்கின் வரலாற்றை எழுதுவோர் பெருவின் தொன்மைக்குச் சான்றாக இப்பகுதியை விரும்பி எடுத்தாள்கின்றனர்.

இச்சான்றினை உற்றுநோக்கினால் இரண்டு செய்திகள் புலனாகும். முதலாவது, அகோஸ்தா கண்டது கயாவ் கரையில். அங்கிருந்து வான்சாக்கோ வடக்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. கரை முழுவதும் பரவியிருந்த ஒரு மரபின் சான்றாக அதனைக் கொள்ளலாமே அன்றி, வான்சாக்கோவின் தனிச்சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. இரண்டாவது செய்தி இதனினும் இன்றியமையாதது. பொழுதுபோக்கு என்று அகோஸ்தா கூறுவது யாருக்கு? பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு. மீனவருக்கு அன்று. அவர்கள் மீன்பிடிக்கச் சென்றனர் என்பதை அவரே தெளிவாகச் சொல்கிறார். அதே பகுதியின் தொடர்ச்சி அலைச்சறுக்கு வரலாறுகளில் அத்துணை எடுத்தாளப்படுவதில்லை. கரையேறிய மீனவர் ஊர்தியை முதுகில் சுமந்து வந்து, கட்டவிழ்த்து, கோரையை மணலில் பரப்பி உலர்த்தினர் என்பது அத்தொடர்ச்சி. விளையாட்டு என்று காட்டப்படும் காட்சியின் மறுபாதி, முதுகில் ஏறிய சுமை.

4. 'முதல் அலைச்சறுக்காளர்' என்னும் பட்டம்

அலைச்சறுக்கின் பிறப்பிடம் ஹவாய் முதலான பாலினேசியத் தீவுகள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. 1965-இல் உலக வாகை சூடிய பெரு வீரர் ஃபெலிப்பே பொமார், அப்பெருமை தம் நாட்டுக்கு உரியது என்று நெடுங்காலமாக வாதிட்டு வருபவர். மொச்சே மட்கலங்களும் அகோஸ்தாவின் விவரிப்பும் அவ்வாதத்தின் தூண்கள். வான்சாக்கோ 2013-இல் உலக அலைச்சறுக்குக் காப்பிடங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டபோது, அதன் அலைகளோடு கோரை ஊர்தி மரபும் காரணமாகச் சுட்டப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 2003-இல், பெரு அரசு கோரை ஊர்தியை நாட்டின் பண்பாட்டு மரபுரிமையாக அறிவித்திருந்தது.

மீனவர் கரை திரும்புகையில் அலையின் விசையைப் பயன்படுத்தினர் என்பதில் ஐயமில்லை. பயன்படுத்தாமல் கரையேற இயலாது. அலை முதுகில் ஏறி வருவதில் அவர்கள் மகிழ்ந்திருப்பர் என்பதும் ஏற்கத்தக்கதே. வேலைக்கும் விளையாட்டுக்கும் இடையே கல்சுவர் எழுப்பத் தேவையில்லை. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. இன்றைய பெருவின் அலைச்சறுக்கு இம்மரபிலிருந்து வளர்ந்ததன்று. ஹவாயில் கற்றுத் திரும்பிய கார்லோஸ் டோக்னி 1942-இல் லீமாவின் செல்வர் வாழும் மிராஃப்லோரெஸ் கரையில் நிறுவிய கழகத்தின் வழியாகவே அது வேர்கொண்டது. அக்கழகத்தின் பெயரே 'வைக்கீக்கி'. ஹவாய்க் கரை ஒன்றின் பெயர். பிறநாட்டு விளையாட்டாக, மேட்டுக்குடி விளையாட்டாக வந்து சேர்ந்த ஒன்று, பின்னாளில் உள்நாட்டு மூதாதையரைத் தேடிக்கொண்டபோது மீனவரைக் கண்டெடுத்தது. இத்தகைய தேடல் தேசியப் பெருமிதத்தின் இயல்பு; தமிழுலகிலும் இதற்கு எடுத்துக்காட்டுகள் குறைவல்ல.

பட்டம் கிடைத்ததில் மீனவருக்கு ஆதாயமும் உண்டு. பயணிகளை ஊர்தியில் ஏற்றி அலை கடந்து அழைத்துச் சென்று மீள்வது பல குடும்பங்களுக்கு வருவாய். சிற்றுருவாகச் செய்த கோரைக் குதிரைகள் விற்பனையாகின்றன. கோரைக்குழிகள் முற்றிலும் கைவிடப்படாமைக்கு இவ்வருவாயும் ஒரு காரணம். ஆனால் இதற்குள் ஒரு வரிசைமுறை ஒளிந்துள்ளது. மீன்பிடித்தல் ஒரு விளையாட்டின் முன்வரலாறாக மாறும்போது, இன்றும் மீன்பிடிப்பவர் தம் காலத்தைக் கடந்து எஞ்சியவராகக் கருதப்படுகிறார். 2000-இல் பெரு நாடு இயற்றிய அலைப் பாதுகாப்புச் சட்டம் உலகில் அவ்வகையில் முன்னோடியானது. அதன் சொற்களை நோக்கினால், காக்கப்படுவது விளையாட்டுக்கு ஏற்ற அலைமுறிவிடம். அலைக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது விளையாட்டின் பெயராலேயே.

'அலைச்சறுக்கு' என்னும் தமிழாக்கம் பற்றியும் ஒரு சொல். பனிச்சறுக்கை ஒட்டி அமைந்த இதனைச் செயற்கைச் சொல் என்று ஒதுக்குவோர் உளர். ஹவாய் மொழியில் இவ்விளையாட்டின் பெயர் 'ஹெஏ நலு'. 'நலு' அலை, 'ஹெஏ' வழுக்குதல், சறுக்குதல். ஆங்கிலச் சொல்லைவிட மூலச்சொல்லுக்கு நெருக்கமாகத் தமிழாக்கம் அமைந்துவிட்டது தற்செயலே எனினும், அச்சொல்லைக் கைவிடாமைக்கு அது ஒரு காரணமாகலாம்.

5. கட்டுமரம் கண்ட பொருள்கள்

கோரை ஊர்தி தன் பழம்பெயரை இழந்தது, பொருளாக எஞ்சியது. கட்டுமரத்திற்கு நேர்ந்தது இதன் மறுதலை. பெயர் உலகெங்கும் பரவியது. பொருள் வழியிலேயே நழுவியது.

எடை குறைந்த மென்மரத் துண்டுகளை வடிவுபடச் செதுக்கி, முன்புறமாகிய அணியம் சற்றே உயரக் கயிற்றால் பிணைத்தது கட்டுமரம். நீர் இடுக்குகளின் வழியே ஏறி இறங்கிவிடுமாதலின் அலை நிரப்பி அமிழ்த்த அதில் உட்குழிவு கிடையாது. கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்துவது வழக்கம். அகோஸ்தா பெருவில் கண்ட செயலும் இதுவே. மண்டியிட்டுத் துடுப்பிடும் முறையும் இரு கரைகளுக்கும் பொது. இரண்டும் கோரை, மரம் ஆகியவற்றின் சொந்த மிதப்பை நம்பியவை, ஊறினால் கனப்பவை, ஆதலின் உலர்த்தும் மணற்பரப்பு ஊர்தியின் உறுப்பே போன்றது. கரை இல்லையேல் ஊர்தி இல்லை என்னும் இவ்வுண்மை ஆறாம் பகுதியில் மீண்டும் எதிர்ப்படும்.

ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட தம் பயணநூலில் சோழமண்டலக் கரையின் இவ்வூர்தியைத் தமிழ்ப்பெயராலேயே குறிப்பிட்டார். சென்னைக்குத் துறைமுகம் வாய்க்கும் முன், கப்பல்கள் அலைமுறிவுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, கட்டுமரத்தினர் கடிதங்களைக் கூம்புத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தனர். கப்பல் தட்டில் நின்று இதனைக் கண்ட ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதினர், ஓவியர் வரைந்தனர். அகோஸ்தாவின் பார்வையும் இப்பயணியர் பார்வையும் ஒரே இனத்தவை. அஞ்சல் சுமந்த உழைப்பு அங்கும் காட்சியாயிற்று.

ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆன இச்சொல்லின் பயணம் விந்தையானது. 1804-இல் பிரெஞ்சுத் துறைமுகமான புலோனில் நின்ற கப்பல்களைத் தகர்க்க ஆங்கிலேயர் மிதக்கவிட்ட வெடிகலங்கள் அப்பெயரால் வழங்கப்பட்டன. 1876-இல் அமெரிக்கப் படகுக் கலைஞர் நத்தானியேல் ஹெரஷாஃப் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகு ஒன்றை உருவாக்கினார். அதன்பின் 'கேட்டமரான்' என்பது இரட்டை உடற்படகின் பெயராகவே நிலைத்தது. இரட்டை உடல் என்னும் அமைப்பு பசிபிக் தீவினர் மரபைச் சேர்ந்தது. தமிழர் கட்டுமரத்தில் அது இல்லை. ஆக, தமிழ்ச்சொல் பாலினேசிய வடிவுக்குப் பெயராயிற்று. பாலினேசிய விளையாட்டு பெரு மீனவருக்குப் பட்டமாயிற்று. கரையிலிருந்து பார்ப்போருக்கு ஊர்திகள் ஒன்றோடொன்று மாறிப்போவது எளிது.

'உலகிற்குத் தமிழ் தந்த சொல்' என்று கட்டுமரத்தைப் பெருமையுடன் எடுத்துக்காட்டும் நூல்கள் பல. அச்சொல் சென்றதைக் கூறுவோர் அதன் பொருள் செல்லாமையையும் உடன்கூறுதல் நேர்மை. இதற்கு மறுதலையாக, பெரு மீனவரும் மாலுமியரும் வழங்கிய சொல் ஒன்று பொருள் சிதையாமல் உலகறிவில் ஏறியதும் உண்டு. கிறித்து பிறப்பை ஒட்டிக் கடலில் தோன்றும் வெப்ப நீரோட்டத்தைப் பைத்தா துறையின் கடலோடிகள் 'குழந்தை' நீரோட்டம் என்னும் பொருளில் 'எல் நீன்யோ' எனக் குறித்தனர். 1892-இல் கப்பல் தலைவர் கமீலோ கரீயோ லீமா புவியியல் கழகத்தில் அதனை எடுத்துரைத்தார். இன்று வானிலை அறிவியலின் மையச் சொற்களுள் அது ஒன்று. கடலோடியின் பெயரை அவர் அறிவோடு சேர்த்து ஏற்றதால் விளைந்த பயன் இது.

6. மணலும் கோரைக்குழியும்

கோரைக் குழிகள் கடலோரத்தில் உள்ளன என்பது மேலே கூறப்பட்டது. அக்கரை இன்று அரிக்கப்பட்டு வருகிறது. வான்சாக்கோவுக்குத் தெற்கே, துருஹியோவுக்கு அப்பால் சலவெர்ரி துறைமுகம் உள்ளது. தென்மேற்கிலிருந்து வரும் அலைகளால் கரையோர மணல் வடக்கு நோக்கி நகர்வது அக்கரையின் இயல்பு. துறைமுகத்தின் வாயை மணல் தூர்க்காதிருக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்ட தடுப்புச்சுவர் அந்நகர்வை இடைமறித்தது. தெற்கில் மணல் குவிய, வடக்கிலுள்ள லாஸ் தெலீசியாஸ், புவேனோஸ் ஐரெஸ், வான்சாக்கோ ஆகிய கரைகள் மெலிந்தன. கோரைக்குழிகளிலும் கடல் புகுந்தது. ஊர்தி கட்டுவதற்கு வேண்டிய பயிரும், அதனை உலர்த்துவதற்கு வேண்டிய மணலும் ஒருங்கே குறைகின்றன.

தமிழ்க் கரையினருக்கு இவ்விளக்கம் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்தபோது தெற்கே மணல் சேர்ந்து மெரீனா விரிந்தது. வடக்கே இராயபுரம் அரிக்கப்பட்டது. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் கட்டப்பட்ட துறைமுகச் சுவர்களும் இதே விளைவைத் தந்தன. நகரத்தார் உலாவும் மணற்பரப்பும் மீனவர் இழந்த மணற்பரப்பும் ஒரே மணலின் இரு பக்கங்கள். மெரீனாவின் அழகைப் பாடும் எழுத்துகள் தமிழில் மிகுதி. அதன் மறுபக்கமான வடசென்னைக் கரையின் இழப்பு அத்துணை எழுதப்படவில்லை.

7. மீனவர் மொழி

கோரை ஊர்திக்குக் 'கபாயித்தோ' என்பதற்கு முன் என்ன பெயர்? 'துப்' என்பது அதன் மொச்சிக்காப் பெயர் என்று பயண நூல்களும் அருங்காட்சியகக் குறிப்புகளும் கூறுகின்றன. இதனை வான்சாக்கோவுக்கு அப்படியே பொருத்துவதில் தடை உண்டு. மொச்சிக்கா மொழிக்கு 1644-இல் இலக்கணம் வெளியிட்ட ஃபெர்னாந்தோ தெ லா கர்ரேரா, அம்மொழி வழங்கிய ஊர்களையும் பட்டியலிட்டுள்ளார். தெற்கே அப்பட்டியல் சிக்காமா பள்ளத்தாக்கோடு நின்றுவிடுகிறது. வான்சாக்கோ அதற்குத் தெற்கிலுள்ள மொச்சே பள்ளத்தாக்கில் உள்ளது. அங்கு வழங்கியது சிமூ அரசின் மொழியாகிய கிங்னாம். மொச்சே என்னும் பழம்பண்பாட்டின் பெயரும் மொச்சிக்கா என்னும் மொழியின் பெயரும் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கும் மயக்கம் நேர்கிறது. எனவே 'துப்' வடக்கிலிருந்த மீனவரின் சொல்லாகலாம். வான்சாக்கோ மீனவர் தம் ஊர்தியை அப்பெயரால் அழைத்தனர் என்பதற்கு அது சான்றாகாது.

குடியேற்றக் கால ஆவணங்கள் அக்கரையில் 'மீனவர் மொழி' என ஒன்றைத் தனியே குறிக்கின்றன. அது கிங்னாமின் ஒரு வழக்கா, முற்றிலும் வேறொரு மொழியா என்பதில் மொழியியலாரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. மொழி ஒன்றுக்கு அதனைப் பேசிய தொழிலினரின் பெயரே பெயராயிருந்தமை, கடல்தொழிலுக்கும் அச்சொற்றொகுதிக்கும் இருந்த பிணைப்பைக் காட்டுகிறது. இரண்டும் எழுதப்படாமலே மறைந்தன. மொச்சிக்கா மட்டும் எத்தேன் என்னும் ஊரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தாக்குப்பிடித்தது.

2008-இல் சிக்காமா பள்ளத்தாக்கின் கடலோரத்திலுள்ள மக்தலேனா தெ காவ் என்னும் பழைய ஊரில் இடிந்த தேவாலயத்தை அகழ்ந்தபோது ஒரு தாள் கிடைத்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட கடிதம் ஒன்றின் பின்புறத்தில், ஸ்பானிய எண்களும் அவற்றிற்கு நேராக அறியப்படாத மொழி ஒன்றின் எண்ணுப்பெயர்களும் குறிக்கப்பட்டிருந்தன. ஜெஃப்ரி குவில்ட்டரும் உடன் ஆய்வாளரும் 2010-இல் இதனை வெளியிட்டனர். பத்தை அடியாகக் கொண்ட எண்முறை அது. சில எண்கள் கெச்சுவாவிலிருந்து கடன்பெற்றவை. ஏனையவை எந்த அறிந்த மொழியோடும் ஒட்டவில்லை. கிங்னாமாகவோ மீனவர் மொழியாகவோ இருக்கலாம் என்பது அவர்தம் கருத்து.

சோழமண்டலக் கரையின் நிலை இதனின் வேறு. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுக்கும், பாகம் என ஆழத்துக்கும், பார் என அடிப்பாறைக்கும் பெயரிட்ட மொழி இன்றும் பேசப்படுகிறது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' போன்ற புதினங்களில் அதன் ஒரு பகுதி எழுத்தேறியுள்ளது. எனினும் சொல்லைத் தாங்கிய பொருள் மாறிவருகிறது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் உதவி நிறுவனங்கள் கண்ணாடியிழைப் படகுகளை மிகுதியாக வழங்க, ஏற்கெனவே குறைந்துவந்த மரக்கட்டுமரம் விரைந்து அருகியது. மரமும் கட்டும் இல்லாத ஊர்தியும் சில இடங்களில் 'ஃபைபர் கட்டுமரம்' எனப்படுகிறது. பொறியும் கருவியும் வந்தபின், துடுப்பால் அலைமுறிவைக் கடப்பதற்குரிய சொற்கள் இளையோர்க்குத் தேவையற்றனவாகின்றன. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளத்தில் மீனவக் குடும்பத்து இளைஞர்கள் அலைச்சறுக்கில் தேர்ந்து பயிற்சிப் பள்ளியும் நடத்துகின்றனர். கடலோடு அவர்களுக்குள்ள உறவு அறுபடவில்லை. வேறு வழியில் நீள்கிறது. அலையின் வகை, அது முறியும் இடம், அதற்குக் காத்திருக்கும் காலம் ஆகியவற்றை அவர்கள் பயிற்சியில் சொல்வது பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களால். அதே அலைகளுக்கு அவர்தம் பாட்டன்மார் வழங்கிய பெயர்களை அவ்வூர்க் கரையிலேயே கேட்டுத் தொகுக்க இயலும். மூத்த மீனவர் உள்ளவரைதான் அது இயலும் என்பதால், தமிழ்த்துறைகளின் களப்பணித் திட்டங்களில் முன்வரிசையில் வைக்கவேண்டிய பணி அது.

வான்சாக்கோவில் அவ்வாய்ப்பு இல்லை. மக்தலேனா தெ காவில் கிடைத்த தாளில் உள்ளவை எண்கள் மட்டுமே. அலைக்கோ காற்றுக்கோ மீனுக்கோ கோரை ஊர்திக்கோ ஒரு பெயரும் அதில் இல்லை.